அத்தி மரத்து ஈரம்

காலையில் உலர்த்திய லுங்கி உச்சி வெயிலிலும் காயாமல் கிடந்தது.

ஜோதிலட்சுமி அதன் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். பிழிந்து போட்டபோது இருந்ததைவிடக் கனம். கொடியின் மறுமுனையில், மர நிழல் எட்டாத இடத்தில் கிடந்த துண்டு அப்பளம் போல விறைத்துப்போயிருந்தது. நிழலுக்குள் இருந்த துணிகள் மட்டும் இப்போதுதான் யாரோ தண்ணீரில் முக்கி எடுத்தாற்போல் தொங்கின. ஒரே சோப்பு, ஒரே பக்கெட், ஒரே கொடி. அக்னி நட்சத்திரத்து வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. அவள் லுங்கியை உருவி வெயில் பக்கம் மாற்றிப் போட்டுவிட்டு நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள்.

அத்தி மரம். பின்பக்க அறையின் சுவரை ஒட்டி, நடுவே ஒரு கைகூட நுழையாத நெருக்கத்தில் நின்றது. இலைக்கு இலை இடுக்கில்லாத அடர்த்தி. ஒரு பழுப்பு இலை கிடையாது.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருடத்துக் கோடை. முந்தின ஐப்பசியும் கார்த்திகையும் மழையில்லாமல் போனதில் படூர் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தெருவிலிருந்த வேம்புகள்கூட இலையைக் கொட்டிவிட்டு நின்றன. பழைய மாமல்லபுரம் சாலையில் லாரிகள் தண்ணீரைச் சிந்திக்கொண்டே போக, அந்த ஈரத்தை நக்குவதற்கு நாய்கள் பின்னால் ஓடின. இந்த வீட்டு போரும் வற்றிப்போய் வெறும் காற்றைத்தான் கக்கியது. வீட்டுக்காரர் வரதன் வாடகை பேசும்போது, அத்தி நிற்கிற இடத்தில் அடியில் நீரோட்டம் இல்லாமல் இருக்காது, கவலைப்படாமல் குடிவாருங்கள் என்று சொல்லியிருந்தார். நீரோட்டம் இருந்தால் போரில் ஏன் வரவில்லை என்று அவளுக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

ஜோதிலட்சுமி கேளம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வயிற்றில் ஏழு மாதம். அவள் கணவன் உலகநாதன் செய்யூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கடற்கரையோரத்து ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மூன்று மாதமாக அவனுக்கு இரவு ஷிப்டு. காலையில் ஆபீஸ் பஸ்ஸில் வந்து இறங்கி, ரெண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு, பின்பக்க அறையில் போய்ப் படுத்துவிடுவான். பாய் கிடையாது, தலையணை கிடையாது. வெறும் தரையில். அந்தச் சிவப்பு சிமெண்ட் தரை கொளுத்துகிற மே மாதத்திலும் மண்பானையின் வயிறு போலச் சில்லென்றிருந்தது. ஊரே மின்விசிறியின் கீழே வெந்துகொண்டிருக்கையில் அவன் மட்டும் சட்டையைக் கழற்றிவிட்டு முதுகைத் தரையில் பதித்துக்கொண்டு தூங்கினான். அவளையும் கூப்பிட்டான். தரையில் படுத்தால் எழுந்திருக்க முடியாது என்று அவள் முன்னறைக் கட்டிலோடு நின்றுகொண்டாள்.

கொஞ்ச நாளாக அவனுக்குத் தாகம். எழுந்ததும் சொம்பை எடுக்காமல் குடத்தையே தூக்கிக் குடித்தான். லாரியில் பிடித்து வைக்கிற தண்ணீரில் பாதி அவனுக்கே போனது. குடித்தது எங்கே போகிறது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. அவன் கழிப்பறைப் பக்கம் போவதே அபூர்வமாகிவிட்டது. வியர்க்கவுமில்லை. இரவெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவனின் சட்டை, கடையில் மடித்து வைத்த புதுச்சட்டை போல வாசனையற்று இருந்தது. உதட்டில் வெடிப்பு. கையைப் பிடித்தால் காய்ந்த வாழைச்சருகைத் தொட்டாற்போலிருந்தது.

டாக்டரிடம் போகலாம் என்று அவள் சொன்னபோதெல்லாம் வெயில் காலம், எல்லாருக்கும்தான் தாகம் என்று தட்டிக் கழித்தான்.

அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் கொல்லைப்பக்கம் போகத் தோன்றியது. போனால் அந்த மரம். அதன் அடியில் நிற்கும்போது கன்னத்திலும் கழுத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு ஈரம் வந்து படிந்தது. பக்கத்தில் நிற்கிற ஆளின் மூச்சு படுவதுபோல.

ஒரு நாள் மனம் நிலைகொள்ளாமல், வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிற சோதனையை அவள் அந்த மரத்தில் செய்தாள். ஒரு கிளையின் நுனியில் பாலிதீன் பையை மாட்டி வாயை நூலால் கட்டினாள். பள்ளியில் செம்பருத்தியில் கட்டினால் சாயங்காலத்துக்குள் பையின் உள்பக்கம் பனி பிடித்தாற்போல் மங்கி, அடியில் ஒரு கரண்டி தண்ணீர் சேரும். இங்கே அவள் சோறு வடித்துவிட்டு வருவதற்குள் பை பசுவின் மடிபோலக் கனத்துத் தொங்கியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூல் அறுந்து பை அவள் காலடியில் விழுந்து உடைந்தது. தண்ணீர் வெதுவெதுவென்று பாதத்தில் ஓடியது. உடம்புச் சூடு.

மரத்துக்கு மோட்டார் கிடையாது என்று அவள் பிள்ளைகளுக்குச் சொல்வாள். இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் உண்டு. வெயில் ஏற ஏற அந்த வாய்கள் வழியாகத் தண்ணீர் ஆவியாகப் போகும். போகிற ஒவ்வொரு துளியும் பின்னால் நிற்கிற துளியை இழுக்கும். அது தனக்குப் பின்னால் இருப்பதை இழுக்கும். இலை நுனியிலிருந்து வேர் நுனிவரை அறுபடாத ஒரே நீர் இழை. வேர் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ, அதிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

வேர் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது?

அந்த வாரம் உலகநாதன் ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு செய்யூர் போனான். போன அன்று நடுப்பகலில் அத்தி மரம் வாடியது. அவ்வளவு இலைகளும் ஒன்றுபோலக் காம்பு தளர்ந்து, அடிபட்ட வௌவால்கள் மாதிரித் தலைகீழாகத் தொங்கின. கொடியில் துணி அரைமணியில் காய்ந்தது. தெருவில் மற்ற வீடுகளைப் போலவே அவள் வீட்டிலும் அனல் அடித்தது. என்னவோ தெரியவில்லை, அன்றைக்குத்தான் அவளுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

மறுநாள் காலை வெயில் ஏறியபிறகு அவன் வந்தான். வந்தவன் சாப்பாடுகூட வேண்டாமென்று நேராகப் பின்பக்க அறைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினான். அவள் கொல்லைப்பக்க வாசலில் நின்றிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் அறையின் ஜன்னலும் தெரியும், மரமும் தெரியும். அவன் தரையில் சாய்வது தெரிந்தது. முதுகைப் பதித்து, கைகளை விரித்து, “அப்பாடா” என்றான்.

முதலில் அடிக்கிளையில் ஒரு இலை நிமிர்ந்தது. பிறகு அதற்கு மேலே இருந்தது. காற்றே இல்லை. ஆனாலும் மரம் முழுக்க ஒரு சலசலப்பு கீழிருந்து மேலே ஏறியது. தொங்கிக்கொண்டிருந்த இலைகள் கொத்துக் கொத்தாக எழும்பி, விரிந்து, உச்சிவரை பச்சைப்பசேலென்று நின்றன. அவள் கன்னத்தில் ஈரம் வந்து படிந்தது.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றுக்குள் குழந்தை ஒருமுறை புரண்டு அடங்கியது.

சாயங்காலம் அவன் எழுந்து வேலைக்குப் போனபின் அவள் அந்த அறையைப் பெருக்கப் போனாள். அவன் படுத்திருந்த இடத்தில் சிவப்புத் தரையின்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. தலை, தோள், விரித்த கைகள், இரண்டு கால்கள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. கடலோரத்து வீடுகளில் சுவர் உப்புப் பூப்பது சகஜம். ஆனால் ஆள் வடிவத்தில் பூக்காது. தண்ணீரை இழுத்துக்கொண்டால் உப்பு தங்கிவிடும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஈரத்துணியைக் கொண்டுவந்து மண்டியிட்டு அழுத்தித் துடைத்தாள். மேலே இருந்தது போனது. அதற்கடியில், சிமெண்டிலேயே ஊறிப்போய், இன்னொன்று இருந்தது. உலகநாதனைவிடக் குள்ளமான ஆள். ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்திருந்தவர்.

அவள் துணியை அங்கேயே போட்டுவிட்டு எதிர்வீட்டு அமிர்தவல்லியிடம் போனாள். அமிர்தவல்லி பத்து வருடமாக அந்தத் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். முன்பு இந்த வீட்டில் யார் இருந்தது என்று கேட்டதும் அவள் கிரைண்டரை நிறுத்தினாள்.

ஒரு தனி ஆள் இருந்தாராம். காலேஜ் ஒன்றில் வாட்ச்மேன். அவருக்கும் ராத்திரி வேலைதான். கடைசி மாதங்களில் வாசலில் வந்து நின்று தண்ணீர் கேட்பாராம். கொடுக்கக் கொடுக்கக் குடிப்பாராம். சொந்தக்காரர்கள் வந்து கூட்டிப்போனபோது கிட்னி போய்விட்டதாகச் சொன்னார்களாம்.

“ஒரே ஆளு தூக்கிகினு போனாம்மா,” என்றாள் அமிர்தவல்லி. “ஓலைக்கட்டத் தூக்குற மாதிரி. நான் பாத்துகினே கீறேன், அவரு தலை மட்டும் திரும்பி மரத்தையே பாத்துகினு இருந்துச்சி.”

அன்றிரவு அவள் முன்னறையில் விளக்கை அணைக்காமல் படுத்திருந்தாள். இரவில் மரம் அடங்கிக் கிடந்தது. பயமெல்லாம் விடிவதைப் பற்றித்தான்.

காலையில் உலகநாதன் வந்தபோது அவள் பின்பக்க அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். மரத்தைப் பற்றி, உப்பைப் பற்றி, வாட்ச்மேனைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குடத்தைக் கீழே வைக்காமல் கேட்டான்.

“இன்னா ஜோதி, நீ டீச்சரு. நீயே இப்டி பேசிகினு கீற.”

“டீச்சரா இருக்கறதாலதாங்க சொல்றேன். இந்த வூடு வாணாம். எங்கம்மா வூட்டுக்குப் போயிடலாம்.”

அவன் குடத்தை இறக்கி வைத்தான். கண்கள் குழிக்குள் போயிருந்தன. இமைக்கும்போது காகிதம் உரசுகிற மாதிரி ஒரு ஓசை கேட்டதாக அவளுக்குத் தோன்றியது.

“அங்க படுத்தா மட்டும்தான் தாகம் தெரியல ஜோதி,” என்றான். “எழுந்தாத்தான் தெரியுது.”

ஆனாலும் சரியென்று சம்பளம் வந்ததும் வீடு மாறிவிடலாம் என்றான். முன்னறைக் கட்டிலில் படுத்தான். அவள் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தாள். மின்விசிறி கிறீச்சிட்டது. வெயில் ஓட்டு வழியாக இறங்கியது. இரவெல்லாம் தூக்கமில்லாத உடம்பு, ஏழு மாத வயிறு; அவள் கண்ணை மூடவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

விழித்தபோது கட்டில் காலி.

இடுப்பில் சாவி இல்லை.

வீடு நிசப்தமாக இருந்தது. முழு நிசப்தம் இல்லை. பின்பக்கமிருந்து ஒரு ஓசை வந்துகொண்டிருந்தது. குழந்தை டம்ளரின் அடியில் மிஞ்சின பாலை உறிஞ்சும்போது வருமே, அந்த ஓசை. நடுநடுவே மரத்தின் உள்ளே எதுவோ தெறிப்பதுபோல், டிக், டிக். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கதவு திறந்திருந்தது. பச்சை வெளிச்சம். ஜன்னல் முழுக்க இலை. ஈரமண் வாடையும் அதோடு கலந்து அவன் தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய் வாடையும்.

அவன் மல்லாந்து கிடந்தான். விலா எலும்புகள். வயிறு முதுகோடு. முகத்தில் மட்டும் சிரிப்பு.

“ஏங்க.”

சிரிப்பு அப்படியே இருந்தது.

அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். ஆளே இல்லாத சட்டையைத் தூக்குவதுபோல் அவ்வளவு லேசு. ஆனால் வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். தோள் ஒரு சாண் எழும்பியது. முதுகுக்கும் தரைக்கும் நடுவே அவள் பார்த்தாள்.

வெள்ளை மயிர்கள். சிமெண்டின் வெடிப்புகளிலிருந்து. நூற்றுக்கணக்கில். இழுபட்டு விறைத்து நின்றன. ஒவ்வொன்றின் நுனியும் அவன் தோலுக்குள்.

அவள் அலறவில்லை. வாயில் அதற்கான ஈரம் இல்லை. அலமாரியிலிருந்து தையல் கத்தரிக்கோலை எடுத்துவந்தாள். மண்டியிட்டாள். வெட்டினாள். ஒவ்வொரு கற்றையாக. வெட்டின இடத்தில் ஒரு சொட்டு, வெதுவெதுவென்று. கழுத்துக்குக் கீழே. தோள்பட்டை. இடுப்பு. கணுக்கால். கடைசிக் கற்றை அறுந்தபோது வெளியே அத்தனை இலையும் ஒரே நேரத்தில் உதிர்ந்தது. மழை கொட்டுகிற சத்தம். அறைக்குள் வெயில் வந்து விழுந்தது.

அமிர்தவல்லியின் தம்பி சம்பத் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன்தான் உலகநாதனைக் கைக்குழந்தை போல ஏந்திப்போய் ஆட்டோவில் கிடத்தினான். திருப்போரூரில் ஒரு சின்ன மருத்துவமனை. டாக்டர் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது. உடம்பில் நீரே இல்லை, இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார். முதுகைப் பார்த்துவிட்டு வியர்க்குரு என்று எழுதினார். உள்ளே போன வேர் நுனிகள் கரும்புள்ளிகளாக மட்டுமே தெரிந்தன. அவள் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் தன்னையும் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்துவிடுவார்கள் என்று நினைத்தாள்.

இரவெல்லாம் குளுக்கோஸ் ஏறியது. ஒன்று முடிந்தால் இன்னொன்று. விடியும்போது அவன் கன்னம் நிரம்பியிருந்தது. உதட்டு வெடிப்பு மூடியிருந்தது. அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். வாட்ச்மேனுக்கு வாய்க்காதது தன் புருஷனுக்கு வாய்த்தது என்று அவள் வாய்விட்டு அழுதாள். சம்பத்தை அனுப்பி அம்மா வீட்டுக்குப் போன் போடச் சொன்னாள். பாப்பா என்கிற நர்ஸ், மதுராந்தகத்துப் பெண், அக்கா நீ முதல்ல ஏதாவது சாப்புடு என்று அதட்டி டீயும் பன்னும் வாங்கிவந்து கொடுத்தாள்.

பதினோரு மணிவாக்கில் வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலில் ஏறியது.

அவன் நெற்றியில் முத்து முத்தாக நீர் அரும்பியது. எத்தனை நாளைக்கப்புறம். அவள் ஆசையோடு முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தில் மறுபடி அரும்பியது. கழுத்தில். மார்பில். புறங்கையில். போர்வை நனைந்தது. துடைத்த முந்தானையை அவள் தற்செயலாக உதட்டில் வைத்தாள். வியர்வையில் உப்பில்லை.

பாப்பா வந்து பாட்டிலைப் பார்த்து முகம் சுளித்தாள். இப்போதுதான் மாட்டியது, அதற்குள் முக்கால்வாசி போய்விட்டது என்று டியூபில் இருந்த சக்கரத்தை இறுக்கினாள். முழுக்க மூடினாள். டியூபில் தண்ணீர் நிற்கவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலின் இரண்டு பக்கமும் உள்ளே குழிந்து, நெளிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

“இன்னாக்கா இது,” என்றாள் பாப்பா மெல்ல. டாக்டரைக் கூட்டிவர ஓடினாள்.

ஜன்னல் கண்ணாடி மங்கியது. உள்பக்கம் நீர் கோத்து வழிந்தது.

உலகநாதன் முகத்தை வெயில் பக்கம் திருப்பினான். கண் இமைக்கவில்லை. கன்னத்தில், கழுத்தில், தோலின் மேலெல்லாம் ஊசிமுனை அளவுக்குச் சின்னச் சின்ன வாய்கள் திறந்திருந்தன. திறந்தன. மூடின. திறந்தன.

அவன் கை துழாவி வந்து அவள் வயிற்றின்மேல் படிந்தது. ஜில்லென்றிருந்தது.

“இங்க நல்லா குளுமையா கீது ஜோதி.”

அவள் கையைத் தள்ளினாள். வரவில்லை. விரல் நுனிகள் புடவைக்குக் கீழே, தோலுக்குக் கீழே. வலியே இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கூப்பிடப் பார்த்தாள். காற்று மட்டும் வந்தது. உள்ளே குழந்தை ஒருமுறை உதைத்தது. பலமாக. இன்னொருமுறை.

அவன் சிரித்தான். நெற்றியிலிருந்து தண்ணீர் சரம் சரமாக இறங்கியது.

வயிற்றின்மேல் இறுகியிருந்த புடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, கொசுவம் அவிழ்ந்து, இடுப்பிலிருந்து நழுவத் தொடங்கியது.